கோட்டுத் தடிமனுக்கு ஷார்ட்கட் வைக்கலாமா, எஃப்12 போதுமா?

வேலூர்_அழைப்பிதழ்:
முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் கடையில் நாள் முழுக்கக் கோட்டு வேலைதான். தோரணம், மயில், குத்துவிளக்கு, ஓரத்தில் கொடி. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒரு கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்க எஃப்12 அழுத்தணும், அவுட்லைன் பென் பெட்டி திறக்கும், எண்ணை அடித்து ஓகே கொடுக்கணும். பெட்டி படத்தின் மேலேயே வந்து நிற்கும். மூடிப் பார்த்தால் தடிமன் போதாது, மறுபடி எஃப்12.

தடிமனை ஒரு படி ஏற்ற, ஒரு படி இறக்கத் தயார் சாவி கோரலில் வருவதில்லை. ஆனால் ஆல்ட்+எஃப்11 அழுத்தி ஒரு சின்ன மேக்ரோ (பல படிகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி, கஸ்டமைசேஷனில் அதற்கு ஷார்ட்கட் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கண் படத்தை விட்டு நகராமல் தடிமனைக் கூட்டிக் குறைக்க முடிகிறது. எல்லா டிடிபி கடையிலும் முதல் வேலையாக இதைச் செய்யணும் என்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஆம்பூர்_லேசர்:
இருக்கு தம்பி. அழைப்பிதழுக்கு அது சரியாக இருக்கலாம், எல்லாக் கடைக்கும் என்று சொல்லாதே. நான் ஷூ அப்பர் (மேல்பகுதி) பேட்டர்ன் வெட்டுகிறவன். பல லேசர் மெஷின்களில் டிரைவர் கோட்டின் தடிமனைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கும். ஹேர்லைன், அதாவது முடி போல மிக மெல்லிய கோடு என்றால் வெட்டும். அதைவிடத் தடிமனாக இருந்தால் படமாக எடுத்துக்கொண்டு மேலாகச் செதுக்கும். கை தவறி ஒரு சாவி பட்டால் போதும், வெட்ட வேண்டிய கோடு செதுக்குகிற கோடாகிவிடும்.

திரையில் அது தெரியவே தெரியாது. ஹேர்லைனும் 0.1 மி.மீ. கோடும் முழுப் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்றுதான். தோலில்தான் தெரியும், தோல் என்ன விலை என்று உனக்கும் தெரியும். எஃப்12 பெட்டி திறக்கிறது தொந்தரவுதான், ஒத்துக்கிறேன். ஆனால் நீ என்ன மாற்றுகிறாய் என்பதை எண்ணாகக் காட்டிவிட்டுத்தான் மாற்றுது.

குடியாத்தம்_லேபிள்:
அண்ணே, அந்தப் பெட்டியிலேயே வேறு ஒரு சிக்கல் இருக்கு. தீப்பெட்டி லேபிளில் ஒரே படத்தில் நாலு வகைத் தடிமன் வரும். ஓரம் தடிமன், இறகு மெல்லிசு. மொத்தத்தையும் செலக்ட் செய்து எஃப்12-இல் ஒரு எண்ணை அடித்தால் எல்லாக் கோடும் அதே தடிமனாகிவிடும். படத்தின் உயிரே போய்விடும். மேக்ரோ மட்டும்தான் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக அதன் அளவிலிருந்து ஏற்றும்.

ஆனால் வேலூர் தம்பிக்கு ஒன்று. உன் மேக்ரோ கூட்டுகிறதா, பெருக்குகிறதா? 0.2 மி.மீ. கோடும் 1 மி.மீ. கோடும் இருக்கிற படத்தில் இரண்டுக்கும் 0.2 கூட்டினால் 0.4, 1.2 ஆகும். மெல்லிசு இரட்டிப்பாகிவிட்டது, தடிமனானது கொஞ்சம்தான் ஏறியது. 1.2-ஆல் பெருக்கினால் 0.24, 1.2. விகிதம் அப்படியே நிற்கும். ஓவியம் தெரிந்தவன் பெருக்கத்தான் செய்வான்.

வேலூர்_அழைப்பிதழ்:
கூட்டல்தான் வைத்திருந்தேன். பெருக்கலுக்கு மாற்றிவிடுகிறேன், நீங்கள் சொல்வது நியாயம். எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மேக்ரோவில் யூனிட் மில்லிமீட்டர் என்று முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அங்குலமாக எடுத்துக்கொள்ளும். அப்போது 0.1 என்பது 2.54 மி.மீ. அடுத்தது, மாற்றம் முழுவதையும் ஒரே கமாண்ட் குரூப்புக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் நூறு கோடு மாறினால் நூறு தடவை அன்டூ அடிக்க வேண்டியிருக்கும்.

ஆம்பூர் அண்ணா, வெட்டுக்கோட்டைத் தனி லேயரில் (அடுக்கில்) போட்டுப் பூட்டிவிட்டால் மேக்ரோ தொடவே தொடாதே?

ஆம்பூர்_லேசர்:
லேயர் போட்டு ஃபைல் அனுப்புகிற கஸ்டமரை இந்தப் பக்கம் நீ பார்த்திருக்கிறாயா? எல்லாம் ஒரே லேயரில் குரூப் ஆகி வரும். நான் பிரித்துப் பூட்டுகிற நேரத்துக்கு எஃப்12-இலேயே வேலையை முடித்துவிடுவேன்.

காட்பாடி_இல்லஸ்ட்ரேட்டர்:
கோரலை வைத்தே பேசுகிறீர்களே அண்ணா. இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளிலும் தடிமனுக்கு நேரடிச் சாவி இல்லை. கன்ட்ரோல்+எஃப்10 அழுத்தினால் ஸ்ட்ரோக் பேனல் வரும். தடிமன் கட்டத்துக்குள் போய் மேல் அம்பு அழுத்தினால் 1 பாயின்ட் ஏறும், ஷிஃப்டோடு அழுத்தினால் 10. எண்ணும் தெரியும், படமும் மறையாது. நீங்கள் இரண்டு பேரும் கேட்கிற இரண்டும் அதில் இருக்கு. ஆக்‌ஷன் (செய்த படிகளை அப்படியே திரும்பச் செய்வது) பதிவு செய்து எஃப் சாவியில் வைக்கலாம், ஆனால் அது ஏற்றி இறக்காது. பதிவு செய்த தடிமனையே வைக்கும். இங்க்ஸ்கேப் மென்பொருளில் கீழே இடது மூலையில் தடிமன் எண் மேல் ரைட் கிளிக் செய்தால் பட்டியலே வரும், ஷார்ட்கட்டே தேவைப்படாது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. சதுர அடைப்புக்குறிச் சாவிகளில் ஷார்ட்கட் வைக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு போட்டிருந்தால் அவை ச, ஞ. விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ஷார்ட்கட் வேலை செய்யாமல் போகலாம். கன்ட்ரோல் அல்லது எஃப் வரிசையோடு சேர்த்து வைத்தால் நல்லது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ராணிப்பேட்டை_ஃப்ளெக்ஸ்:
முக்கால்வாசிப் பேர் தடிமனை ஏற்றி இறக்குவதே ஒரு டிக் போடாததால்தான். அவுட்லைன் பென்னில் ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ என்று ஒன்று இருக்கு. அது இல்லாமல் அழைப்பிதழ் டிசைனை 10 அடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் அரை மில்லிமீட்டர் கோடு அரை மில்லிமீட்டராகவே நிற்கும். தெருவிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குக் கோடே இருக்காது. டிக் போட்டுவிட்டு இழுங்கள், பிறகு ஷார்ட்கட்டைப் பற்றிப் பேசலாம்.

குடியாத்தம்_லேபிள்:
அது பெரிதாக்கும்போது சரி. சிறிதாக்கும்போது அதே டிக் கழுத்தை அறுக்கும். ஏ4 படத்தை லேபிள் அளவுக்கு இறக்கினால் 0.25 பாயின்ட் கோடு, அதாவது 0.09 மி.மீ.கூட இல்லாதது, இன்னும் மெலிந்து பிரிண்டில் காணாமல் போகும். கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடு என்றால் மை இரண்டு பக்கமும் பரவி மூடிவிடும். அங்கேதான் நான் மொத்தத்தையும் செலக்ட் செய்து ஷார்ட்கட்டில் ஏற்றுகிறேன். எந்த டிக்கும் அந்த வேலையைச் செய்யாது.

வேலூர்_அழைப்பிதழ்:
அப்படியானால் ஒரு குறைந்தபட்ச அளவையும் மேக்ரோவில் எழுதிவிடலாம், அதற்குக் கீழே இறங்கவே கூடாது என்று. ஆம்பூர் அண்ணா, உங்களுக்காக இன்னொன்றும் சேர்க்கிறேன். வெட்டுக்கோட்டுக்கு நீங்கள் சிவப்புதானே போடுவீர்கள்? சிவப்பு அவுட்லைன் இருக்கிற எதையும் மேக்ரோ தொடாமல் தாண்டிப் போகும்.

ஆம்பூர்_லேசர்:
சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? ஆர்ஜிபியில் (திரை நிறமுறை) 255, 0, 0 இருந்தால்தான் என் மெஷின் வெட்டும். கஸ்டமர் ஃபைலில் சிஎம்ஒய்கே (அச்சு நிறமுறை) சிவப்பு வரும், கண்ணுக்கு ஒரே நிறம். இரண்டையும் தாண்டுகிற மாதிரி எழுதிப் போடு, பழைய ஷீட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் என் மேசையில் எஃப்12தான்.