ரவை இரைச்சல்: ஷாட் நாய்ஸுக்கு ஒரு சொல்

> மின்னோட்டத்தில் எழும் ஷாட் நாய்ஸுக்கு (shot noise) ‘சுடு இரைச்சல்’ என்று எழுதிவிட்டேன். நெருடுகிறது. வேறு சொல் உண்டா?

வணக்கம் ஐயா,

‘சுடு’ வேண்டாம். படிப்பவருக்கு உடனே சூடுதான் நினைவுக்கு வரும். மின்தடையின் சூட்டில் பிறக்கும் வெப்ப இரைச்சல் வேறு இருக்கிறது. நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையே இந்த இரண்டையும் பிரித்து அளப்பது பற்றித்தானே?

இங்கே ‘ஷாட்’ சுடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் இல்லை. 1918இல் இயற்பியலாளர் ஷாட்கி வெற்றிடக் குழாய் மின்னோட்டத்தை ஆராய்ந்தபோது ஜெர்மனில் ‘ஷ்ரோட்’ விளைவு என்றார். பறவை சுடும் சிறு ஈயக் குண்டுகளுக்கு அங்கே அந்தப் பெயர். உடைத்த தானியத்துக்கும் அதே பெயர். நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: ரவை. துப்பாக்கிக்கும் ரவை, உப்புமாவுக்கும் ரவை!

பொருளும் பொருந்துகிறது. எவர்சில்வர் தட்டில் ரவையைக் கொட்டினால் சரசரவென்று கேட்கும், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விழுவதால். மின்னோட்டமும் எலக்ட்ரான் எலக்ட்ரானாகத்தான் வருகிறது; அந்தச் சீரற்ற வரவுதான் இந்த இரைச்சல்.

ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடயோடில் 1 மில்லியாம்பியர் ஓடி, 1 கிலோஓம் தடையில் விழுவதாக வையுங்கள். ரவை இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு (அதாவது 1 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் பட்டையில்) சுமார் 18 நானோவோல்ட். தடையின் வெப்ப இரைச்சல் 4. இரண்டும் சேர்ந்தால் 22 ஆகாது, 18.4தான், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். இந்தப் பத்தியில் ‘சுடு இரைச்சல் 18, வெப்ப இரைச்சல் 4’ என்று போட்டுப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

‘டார்க் நாய்ஸ்’ என்பதற்கு ‘இருட்டு இரைச்சல்’ போதும். பேய்க்கதை மாதிரி இருக்கிறது, ஆனால் செய்வது அதைத்தான்: வெளிச்சம் படாமல் டயோடை மூடிவிட்டு, மிஞ்சும் இரைச்சலை அளக்கிறோம். ஒருமுறை நான் கருப்பு டேப்பைச் சரியாக ஒட்டவில்லை. 100 ஹெர்ட்ஸில் முள் மாதிரி ஒன்று நின்றது. சர்க்யூட்டைத்தான் அரை நாள் திட்டினேன்; குற்றவாளி தலைக்கு மேலே எரிந்த ட்யூப்லைட்.

அப்புறம், வெளிச்சத்தை நாலு மடங்காக்கினால் ரவை இரைச்சல் இரண்டு மடங்குதான் கூடும். நாலு மடங்கு கூடினால் லேசரின் ஒளியே ஆடுகிறது என்று அர்த்தம். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ போல 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட குறுக்கீட்டுமானியில் (லேசர் கற்றைகளை ஒப்பிட்டு நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் கருவி) இந்த வேறுபாடு முக்கியம். லேசரின் திறனை நிலைப்படுத்தும் சுற்றுக்கு டயோடு சொல்வதுதான் வேதவாக்கு. டயோடின் இரைச்சலை ஒளியின் ஆட்டம் என்று நம்பி, அமைதியாக இருந்த லேசரையும் அந்தச் சுற்று ஆட்டிவிடும்.

இப்படிக்கு,
ரவைக் கட்சி

—

> துப்பாக்கிக்கும் ரவை, உப்புமாவுக்கும் ரவை!

சரி, ஏற்றுக்கொள்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர் ‘ரவா’ ஆக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘நாய்ஸ் ஃப்ளோர்’ (கருவியில் எப்போதும் இருக்கும் இரைச்சலின் மட்டம்) இன்னும் பாக்கி. ‘இரைச்சல் தளம்’ என்று எழுதியிருந்தேன். கணிதத்தில் தளம் என்றால் வேறு; ஏழாவது தளம் என்றால் லிஃப்டில் ஏறிவிடுவார்கள். ‘இரைச்சல் தரை’ என்று மாற்றியிருக்கிறேன். அதற்குக் கீழே உள்ள சிக்னல் மண்ணுக்குள் புதைந்தது போலத்தானே? ஆட்சேபம் இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள், நாளை காலை அச்சுக்குப் போகிறது.