எச்எஃப் ரிக்கில் பாக்கெட் மோடம்: மைக் சாக்கெட்டா, பின்பக்க சாக்கெட்டா?

குமிழ்_திருகி:
விஎச்எஃப்பில் 1200 பாட் பாக்கெட்டுக்கு (அமெச்சூர் ரேடியோவில் எழுத்துகளைத் தரவாக அனுப்பும் முறை) ஓடிக்கொண்டிருந்த டிஎன்சியை (கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே இருக்கும் பாக்கெட் மோடம்) இப்போது எச்எஃப் ரிக்கில் (சிற்றலை டிரான்ஸ்சீவர்) மாட்டியிருக்கிறேன். கென்வுட் செட். பின்னால் 13 பின் டின் சாக்கெட் இருக்கிறது, ஆனால் கையில் இருந்த வயர் மைக் சாக்கெட்டுக்கானது என்பதால் அதிலேயே போட்டேன். ரிசீவ் ஆடியோ ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து. 14.105 மெகாஹெர்ட்ஸில், எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை) பாக்கெட் சத்தம் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. சிக்னல் வருவதைக் காட்டும் டிசிடி விளக்கும் மினுக்குகிறது. திரையில் ஓர் எழுத்து வரவில்லை. அனுப்பினால் ஏஎல்சி முள் (உள்ளே போகும் ஆடியோ மிகையாகிறதா என்று காட்டுவது) வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

இரவுப்பறவை:
எச்எஃப்பில் வேகம் 300 பாட், டோன்களுக்கு இடையே 200 ஹெர்ட்ஸ்தான். விஎச்எஃப்பில் 1200, 2200 என்று 1000 ஹெர்ட்ஸ் இடைவெளி. வேகத்தை மட்டும் மாற்றினால் போதாது; உங்கள் டிஎன்சியில் எச்எஃப் மோடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சால்டர்_மாமா:
தம்பி, அந்த மைக் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மைக் சாக்கெட் சில மில்லிவோல்ட்டுக்குக் காத்திருக்கும் இடம். டிஎன்சி அதன் தலையில் பல மடங்கு கொட்டுகிறது. ஏஎல்சி ஓரத்துக்குப் போகாமல் என்ன செய்யும்?

உங்கள் 13 பின்னில் 3 ரிசீவ் ஆடியோ. வால்யூமை எப்படித் திருகினாலும் அதன் அளவு மாறாது. 11இல் டிஎன்சியின் ஆடியோ, 9இல் பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் இணைப்பு), 4, 8, 12 கிரவுண்ட். பிடிடியை 13இல் கொடுப்பவர்களும் உண்டு, வேலை செய்யும். ஆனால் மைக் திறந்தே இருக்கும். உங்கள் மின்விசிறியும் நாற்காலியும் சேர்ந்து ஒலிபரப்பாகும். 9 மைக்கை அடைத்துவிடும். சால்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் பின் வரிசை கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கும், கையேட்டுப் படம் எந்தப் பக்கம் என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

லெவல்: ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். டிஎன்சியின் ஆடியோ அளவைத் திருத்தும் டிரிம்பாட்டைக் குறைந்தபட்சத்தில் வைத்து மெல்ல ஏற்றுங்கள். ஏஎல்சி முள் அசையத் தொடங்கியதும் சற்றுப் பின்வாங்குங்கள். பவரைப் பாதியாக வையுங்கள். பேச்சு போல ஏற்ற இறக்கம் இல்லாத முழு டோன் இது, ஃபைனல் (ரிக்கின் கடைசிப் பவர் கட்டம்) சுட்டுவிடும்.

அப்புறம் டியூனிங். சில டிஎன்சிகளில் டோன் 1600, 1800. சிலவற்றில் 2110, 2310. எல்எஸ்பியில் இரண்டாம் வகைக்காரர் டயலை 510 ஹெர்ட்ஸ் மேலே வைத்தால்தான் முதல் வகைக்காரரோடு சேருவார். அதனால் அடுத்தவர் சொல்லும் டயல் எண்ணை அப்படியே நம்பாமல், டியூனிங் விளக்கைப் பார்த்து 10 ஹெர்ட்ஸ் படியில் நகர்த்துங்கள். உங்கள் சிக்கலில் பாதி இதுதான் என்பது என் ஊகம்.

குமிழ்_திருகி:
மோடம் இருக்கிறது, 300க்கு மாற்றிவிட்டேன். பின்பக்க சாக்கெட்டுக்கும் மாறினேன். டயலை அரை கிலோஹெர்ட்ஸ் நகர்த்தியதும் வரிகள் வரத் தொடங்கின, நன்றி சார்! இன்னொன்று: 20 வாட்டில் ஒழுங்காக இருக்கிறது, 50 வாட்டுக்கு ஏற்றினால் பாக்கெட் முடிந்த பிறகும் ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிடுகிறது.

சால்டர்_மாமா:
ஆர்எஃப் (நீங்கள் அனுப்பும் ரேடியோ அலை) வயருக்குள் புகுந்து பிடிடியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஷீல்டு வயர் போட்டு, இரு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். டிஎன்சி, கம்ப்யூட்டர் பவர் வயர்களையும் விடாதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் இரண்டு ஆடியோ பாதையிலும் 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர், பிடிடிக்கு ஆப்டோகப்ளர் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் பாகம்).

டிஎன்சியில் மாக்ஸ்ஃப்ரேமை (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் ஃபிரேம் எண்ணிக்கை) 1 ஆக்குங்கள், பாக்லென்னை (ஒரு ஃபிரேமில் போகும் எழுத்துகள்) 64க்கு இறக்குங்கள். ஒரு பிட் கெட்டாலும் மொத்த ஃபிரேமும் திரும்ப வர வேண்டும். ஃபேடிங் உள்ள பேண்டில் நீளமான ஃபிரேம் ஊர் போய்ச் சேராது.