நிதிக்குறைப்பை எதிர்த்து மாணவிகள் வகுப்பைவிட்டு வெளியேறலாமா?

கொட்டாஞ்சேனைத் தாய்:
என் மகள் கொழும்பில் ஓர் அரச பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். ஆய்வுகூடத்துக்கான ஒதுக்கீடு குறைந்துவிட்டதாகக் கூறி, இரசாயனச் செய்முறைகளில் பாதியை ஆசிரியை கரும்பலகையில் வரைந்தே முடித்துவிடுகிறார். திரவத்தை அளந்து ஊற்றும் கண்ணாடிக் குழாய்களான அளவிகள் (பியூரெட்) முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றே உள்ளன. அவற்றிலும் ஒன்று ஒழுகுகிறதாம். போதாக்குறைக்கு, தவணைப் பரீட்சைக்காக ஆளுக்கொரு கட்டு ஏ4 தாள் கொண்டுவரும்படி பாடசாலையிலிருந்து துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. அடுத்த வாரம் இரண்டு பாடவேளைகளைப் புறக்கணித்து மைதானத்தில் அமர்வதென்று மாணவிகள் முடிவெடுத்திருக்கிறார்கள். விடுகைப் பத்திரத்தில் ஏதேனும் எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் தடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை:
தடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கச் சொல்லுங்கள். தேசிய பாடசாலையாயின் பணம் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சிலிருந்து வர வேண்டும். மாகாணப் பாடசாலையாயின், 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் அது மாகாண நிருவாகத்தின் பொறுப்பு. அதிபரும் கையேந்தி நிற்பவர்தான்; அவரை எதிர்த்து அமர்ந்து பயனில்லை. எத்தனை அளவிகள், எந்தெந்தச் செய்முறைகள் நடக்கவில்லை என்று எண்ணி எழுதிய கடிதத்தை முன்கூட்டியே அதிபரிடம் கொடுத்து, பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பட்டும். வாயிற்கதவைத் தாண்டி வீதிக்கு மட்டும் இறங்க வேண்டாம்.

ஆய்வு மாணவன்:
உடனே பலன் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஏறத்தாழ 30 கோடி டொலர் பற்றாக்குறையைக் காட்டிப் பாடசாலைகளின் செலவை வெட்ட முனைந்தபோது, மாணவர்கள் வகுப்புகளைவிட்டு நகர மண்டபத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். ஆனாலும் அந்தப் பாதீடு நிறைவேறியது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தார்கள். சிலியில் 2006ஆம் ஆண்டு பேருந்துக் கட்டணம், பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சைக் கட்டணம் என்று தொடங்கிய பாடசாலை மாணவர் போராட்டமோ நாட்டின் கல்விச் சட்டத்தையே விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 2009இல் புதிய சட்டம் வந்தது. இங்கே 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தும், அந்த 6 வீதம் இன்றுவரை எட்டப்படவில்லை.

பாமன்கடைப் பெற்றோர்:
எனக்கு உறுத்துவது வேறொன்று. கொழும்பில் பற்றாக்குறையைப் பெற்றோர் சத்தமின்றி நிரப்பிவிடுவதால் வெட்டு வெளியே தெரிவதில்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் பாடநூல் என்று பெருமையாகச் சொல்லும் நாம், தாள் கட்டை மறுபேச்சின்றிப் பையில் வைத்து அனுப்புகிறோம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டபோதும் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் வெயிலில் அமரும் முன், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாம் எழுந்து கணக்குக் கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தாய்:
அனைவருக்கும் நன்றி. மகளும் தோழிகளும் நேற்றிரவு கணக்கெடுத்தார்கள். இந்தத் தவணையில் ஒன்பது செய்முறைகள் நடக்கவில்லை. கடிதத்தைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்பேன். அதுவரை தாள் கட்டு கொடுத்தனுப்புவதாக இல்லை.