தெருநாய், ஷெல்டர், நாம்: சென்னையில் எதற்கு அழைப்பது, எதை நாமே பார்ப்பது

வேளச்சேரி, ஷெல்டர் தன்னார்வலர்

"பாவம், ஷெல்டர்ல விட்டா பொழச்சுக்கும்" என்று சொல்லி, நன்றாக ஓடியாடும் தெருநாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் ஆரோக்கியமான நாய்க்கு ஷெல்டரைப் போல ஆபத்தான இடம் வேறில்லை. அங்கே இருப்பதில் பாதி அடிபட்டவை, மீதி தொற்று உள்ளவை. பழகிய தெருவும் சோறு போடும் கையும் போய், நோய் மட்டும் மிஞ்சும்.

2024 கணக்கெடுப்பில் சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள். எத்தனை கூண்டு கட்டினாலும் இது கொள்ளாது. அதனால் ஷெல்டரின் வேலை வைத்து வளர்ப்பது இல்லை. சிகிச்சை, கருத்தடை, தடுப்பூசி முடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான். இந்த முறையே இங்கே வேர்விட்டதுதான். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், நாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1964 முதலே வலியுறுத்தியது. கார்ப்பரேஷன் அதற்கு ஒத்துக்கொள்ள 1996 ஆனது.

அடிபட்ட நாய்க்கு ஆம்புலன்ஸ் கேட்கும்போது சொல்ல வேண்டியவை: தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ, நாயின் நிறம், காயம் எங்கே, நிற்கிறதா படுத்திருக்கிறதா, ரத்தம் வழிகிறதா. ஒரு போட்டோ. எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி வரும்வரை ஒருவர் அங்கேயே இருப்பது. அழைப்பு வீணாவதற்கு முதல் காரணமே, வண்டி வரும்போது நாய் வேறு சந்துக்கு நகர்ந்திருப்பதுதான். முடிந்தால் ஒரு கேட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ ஒதுக்கி, வழியை அடைத்து வையுங்கள்.

பின்னங்கால் இரண்டும் இழுபட்டால் முதுகெலும்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தூக்கக் கூடாது. பிளைவுட் பலகையோ, நான்கு மூலையும் இழுத்துப் பிடித்த போர்வையோ போட்டு, அதன்மேல் நாயை மெதுவாக நகர்த்தி, உடம்பு வளையாமல் தூக்க வேண்டும். வலியில் எந்த நாயும் கடிக்கும். காஸ் துணியை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. மற்றவற்றுக்கும் ஏற்றி இறக்கும் நேரம் மட்டும்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, சென்னை வெயிலில் கட்டி வைத்தால் அதுவே கொன்றுவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் பால் ஊற்றுவதும் அப்படித்தான், அது நுரையீரலுக்குள் போகும்.


புளியந்தோப்பு, ஏபிசி (தெருநாய்க் கருத்தடைத் திட்டம்) குழுவோடு போகிறவர்

அக்கா சொன்னதோடு கருத்தடை பக்கம் சேர்க்கிறேன். கார்ப்பரேஷன் எண் 1913. "ஒரு நாய் தொல்லை, பிடிச்சிட்டுப் போங்க" என்று சொல்வதைவிட, "எங்கள் தெருவில் இத்தனை நாய், அதில் காது வெட்டாதவை இத்தனை" என்று எண்ணிச் சொல்லுங்கள். கருத்தடை ஆன நாய்க்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருப்பார்கள். ஒரு தெருவில் பாதியைப் பிடித்து பாதியை விட்டால் வேலையே வீண். பெண் நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், கர்ப்பம் சுமார் 63 நாள்தான். விட்டுப்போன இரண்டு பெட்டைகளே அடுத்த வருடம் தெருவை நிரப்பிவிடும். 2024 கணக்கெடுப்பின்போது நகரில் கருத்தடை ஆனவை கால்பங்குக்குச் சற்று மேல்தான். ரேபிஸ் பரவாமல் இருக்க ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி வேண்டும். ஆக, பகுதி பகுதியாக முடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

வண்டி வருவது விடிகாலையில். அதற்கு முந்தைய இரவே சோறு நிறுத்த வேண்டும். மயக்க மருந்துக்கு முன் சுமார் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். பசிக்குமே என்று அஞ்சு மணிக்கு பிஸ்கட் போட்டு அனுப்புவது பாசம்தான், ஆனால் அந்த நாயை ஒரு நாள் கூடுதலாகக் கூண்டில் வைக்க வேண்டிவரும்.

சோறு போடுகிறவர் கூட இருந்தால் வலையே தேவைப்படாது. அவர் உட்கார்ந்து கூப்பிட்டு, தடவிக்கொண்டே கழுத்தில் கயிறு மாட்டினால் போதும். வலை என்றால் ஒரு நாய் மாட்டி அலறியதும் மற்றவை அந்த வண்டியின் சத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தெருமுனையில் வண்டி திரும்பும்போதே மறைந்துவிடும். கழுத்தை இறுக்கும் இடுக்கியும் கம்பிச் சுருக்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2023 ஏபிசி விதிகள் சொல்கின்றன. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும், பால் கொடுக்கும் தாயையும் கருத்தடைக்கு எடுக்கக் கூடாது. காம்பு தொங்கினால் குழுவிடம் உடனே சொல்லுங்கள். அவர்களுக்கு அவசரத்தில் தெரியாமல் போகலாம், குட்டிகள் எங்கோ குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்.

பிடித்ததும் எண் போட்ட டேக் கழுத்தில் ஏற வேண்டும், இடம் நோட்டில் ஏற வேண்டும். டேக் மாறினால் நாய் வேறு பேட்டையில் இறங்கும். அங்கே இருக்கும் கூட்டம் கடித்துக் குதறும், அல்லது பழைய இடத்தைத் தேடி மெயின் ரோட்டைக் கடக்கும்போது அடிபடும். காலியான இடத்துக்குக் கருத்தடை ஆகாத புது நாய் வந்து சேரும். வண்டியில் ஏறும்போதே டேக் எண்ணோடு போட்டோ எடுத்துவைப்பது தெருக்காரர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாள் வைத்திருந்து விடுவார்கள். விட்ட பிறகு 10 நாளைக்குக் குளிப்பாட்டாதீர்கள். தினமும் வயிற்றைப் பாருங்கள்: லேசான வீக்கம் சாதாரணம், ஈரம், நாற்றம், தையல் பிரிந்து இளஞ்சிவப்பாக ஏதாவது எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே அழையுங்கள். கையால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே வைத்துக் கட்டுங்கள்.

காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது என்று மட்டும்தான் பொருள். இந்த வருட ரேபிஸ் ஊசி போட்டாயிற்று என்று பொருள் இல்லை. அதை வருடாவருடம் போட வேண்டும். இந்தக் குழப்பத்தால் ஊசி இல்லாமல் போகும் நாய்கள் நிறைய.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் சொன்னதும் இதுதான்: கருத்தடை, ஊசி, பிறகு எடுத்த இடத்திலேயே விடுவது, ரேபிஸ் உள்ளவையும், சந்தேகம் உள்ளவையும், ஆக்ரோஷமானவையும் விலக்கு. ஆனால் நவம்பர் 7 உத்தரவுப்படி பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது. அவற்றுக்கு நிரந்தர இடம் வேண்டும். கூண்டு இன்னும் அரிதாகிறது. நல்ல நாயைக் கொண்டுவந்து அடைப்பது இப்போது முன்பைவிடத் தப்பு.


அடையாறு, கால்நடை உதவியாளர்

ஷெல்டருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு புழுப் புண். ஆரம்பத்தில் பார்த்தால் தெருவிலேயே ஆறக்கூடியது இது.

ஈ முட்டை வைத்து ஒரே நாளில் புழு வந்துவிடும். வெளியே தெரிவது காசு அளவு ஓட்டை, உள்ளே குகை. காதுக்குப் பின்னால், கழுத்து, வால் அடி, இந்த மூன்று இடமும் நாயால் எளிதில் நக்க முடியாதவை, அங்கேதான் அதிகம் வரும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால், முடியை விலக்கி, மூக்கை அருகில் கொண்டுபோங்கள். அழுகிய வாடை முதலில் வரும். பிறகு ஓட்டைக்குள் அரிசி நிறத்தில் வால் நுனிகள் மட்டும் நெளிவது தெரியும். புழு தலையை உள்ளே வைத்துக் கறியைத் தின்னும், மூச்சு விடுவது வால் பக்கத்தால்தான்.

கையுறை போடுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு முடியைக் கத்தரியுங்கள். புழு மருந்து ஸ்பிரேயை ஓட்டைக்குள் அடித்து, 10 நிமிடம் காத்திருங்கள். புழுக்கள் தாமாகவே மேலே வரும். மழுங்கிய முனை ஃபோர்செப்பால் ஒவ்வொன்றாக எடுங்கள். பாதியில் அறுந்து உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். பிறகு நார்மல் சலைனை 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, தெளிவான தண்ணீர் வரும்வரை பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே ஹிமாக்ஸ் போன்ற ஈ அண்டாத களிம்பு. இதை ஒரு நாள் செய்து நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. முட்டைகள் மறுநாள் பொரிக்கும், குறைந்தது மூன்று நான்கு நாள் தொடர வேண்டும். மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், புழுவோடு சதையும் வெந்துபோகும்.

கண், மூக்கு, வாய்க்குள், ஆசனவாய்ப் பக்கம் என்றால் தொடாமல் ஷெல்டருக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.


பெரம்பூர், குட்டி வளர்ப்பவர்

குட்டிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அவசரப்பட்டு எடுக்காதீர்கள். தாய் சோறு தேடிப் போயிருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து அமைதியாகக் கிடந்தால் தாய் வந்துபோகிறது என்று அர்த்தம். பூனைக்கும் இதே கதைதான்.

தாய் செத்துவிட்டது என்று உறுதியானால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்து போன குட்டிக்கு ஜீரணம் ஓடாது, கொடுத்த பால் வயிற்றிலேயே நின்று கொல்லும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு தாங்கவில்லை என்றால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கு தரும். நாய்க்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்கள். மனிதக் குழந்தைபோல மல்லாக்கப் படுக்கவைக்காமல், குப்புறப் பிடித்துப் புகட்டுங்கள். முதல் இரண்டு வாரம் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வரும்; தாய் நக்குவதற்குப் பதில் அது.

குட்டியை ஷெல்டருக்குக் கொண்டுவராதீர்கள் என்று அவர்களே கெஞ்சுவதற்குக் காரணம் பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல் நோய். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அசையாது, பூனைக்கோ பினாயில் விஷம். மலத்தை முழுக்க வழித்துக் கழுவிய பிறகு, வீட்டு பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. வாந்தி, துர்நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல், தலை தொங்குதல் என்றால் அன்றைக்கே டிரிப்ஸ் ஏற வேண்டும், மறுநாள் தாமதம்.

ஷெல்டருக்கு உண்மையான பலம் வீட்டில் வைத்துக் குட்டி வளர்த்துத் தருகிறவர்கள்தான். ஒரு பாத்ரூமோ மூடிய பால்கனியோ போதும். முதல் 14 நாள் வீட்டு நாயோடு சேர்க்காதீர்கள், செருப்பு தனியாக வையுங்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு 3-4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். தத்து எடுப்பவர் அந்தச் சான்றை வைத்துக் கார்ப்பரேஷன் உரிமம் வாங்க வேண்டும்.


அரசு மருத்துவமனை செவிலியர்

கடியைப் பற்றிச் சுருக்கமாக. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். நிஜமாகவே கடிகாரம் பார்த்து 15. மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு வேண்டாம். பல் பட்டு ரத்தம் வந்திருந்தால் ஊசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டும். முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள் அது ஏற வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. அரசு மருத்துவமனையில் இலவசம். "நாய் நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயை 10 நாள் கவனியுங்கள். குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடிப்பது என்றால் யாரும் நெருங்காமல் 1913-க்குச் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் என்ற வேறொரு வைரஸ் நோய் வந்த நாயும் வாயைச் சவைத்து இழுக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை.


வேளச்சேரி, ஷெல்டர் தன்னார்வலர்

தங்கை செவிலியருக்கு நன்றி. இரண்டு விஷயம் விட்டுப்போனது.

மாஞ்சா நூலில் சிக்கிய பருந்து, காக்காய் வந்தால் நூலை இழுக்காதீர்கள், அது சதைக்குள் அறுத்திருக்கும். மரத்துப் பக்கம் வெட்டிவிட்டு, பறவையோடு இருக்கும் நூலை அப்படியே விட்டு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கொடுங்கள். குரங்கு, ஆந்தை, கிளி, மான் எல்லாம் வனத்துறைப் பொறுப்பு. வீட்டில் வைத்திருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கிளியும் சேர்த்துத்தான்.

பொருள் கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய செய்தித்தாள், பருத்தி பெட்ஷீட், துண்டு, சாக்கு எப்போதும் தேவை. பஞ்சு மெத்தையும் தலையணையும் வேண்டாம், நனைந்தால் காயாது, குட்டி கடித்து விழுங்கும். கல்யாண வீட்டு பிரியாணி வேண்டாம், அதில் வெங்காயமும் சமைத்த எலும்பும் இருக்கும். தீபாவளி ஸ்வீட்டும் வேண்டாம். அரிசி கொடுங்கள். மருந்து என்றால் நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் பாட்டில், 5 மில்லி சிரிஞ்ச், காஸ் ரோல், கையுறை. காலாவதித் தேதி குறைந்தது 6 மாதம் தள்ளி இருக்கட்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் துணி துவைத்தாலும் காயாது, அப்போது செய்தித்தாள்தான் கூண்டுக்கு விரிப்பு. அதனால் செப்டம்பரிலேயே கட்டிக் கொடுத்துவிடுங்கள். தீபாவளி வாரத்தில் வெடிக்கு மிரண்டு ஓடிய வீட்டு நாய்கள் குவியும். காலரில் உங்கள் போன் எண் எழுதியிருந்தால் அன்றைக்கே வீடு போய்ச் சேரும், கூண்டும் ஒன்று மிச்சம்.