கபினி சஃபாரி: 100-400 லென்ஸ் போதுமா?

கேள்வி: மே மாதம் கர்நாடகாவில் இருக்கிற கபினி காட்டுக்குப் போறோம். ஒரு ஜீப் சவாரி, ஒரு படகு சவாரி. ஏபிஎஸ்-சி கேமரா (முழு ஃபிரேமை விடச் சின்ன சென்சார்), 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கு. டிரைபாட் (முக்காலி) தேவைப்படுமா?

பதில் 1: வேண்டாம், ஜீப்பில் டிரைபாட் காலை விரிக்க இடம் கிடையாது. காலி பீன்பேக் (லென்ஸைத் தாங்க வைக்கிற பை) எடுத்துட்டுப் போய் அங்கே 2 கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கோங்க. விலங்கு தெரிஞ்சதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க. டீசல் அதிர்வு பீன்பேக்கையும் தாண்டி வரும். சின்ன சென்சார்ங்கிறதால, 400-ஐ ஏபிஎஸ்-சியில் போட்டா முழு ஃபிரேமில் 600 போட்ட மாதிரி கிட்டத் தெரியும், தாராளம்.

பதில் 2: ஷட்டர் வேகம் நிற்கிற மானுக்கு 1/250 வினாடி போதும், நடக்கிற புலிக்கு 1/800, பறக்கிற பறவைக்கு 1/2000. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்க, உச்சம் 6400. ஐஎஸ்ஓ ஏறினா வர்ற நாய்ஸை (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கணினியில் குறைக்கலாம். ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. கருஞ்சிறுத்தை கண்ணில் பட்டா (பேராசைதான்!) எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்ச அளவு) -1 வைங்க, இல்லேன்னா கறுப்பு சாம்பலா வெளுத்துடும்.

பதில் 3: மே மாசம் நீர் வற்றி, கரைப் புல்லுக்கு யானைக்கூட்டம் வரும். படகு கிட்டப் போனா 100 மி.மீ. கூட அதிகம், யானை முழுசா அடங்காது, 24-70 லென்ஸ் இன்னொரு கேமரா பாடியில் இருக்கட்டும். புழுதியில் லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க, சென்சாரில் புள்ளி விழும். வெயில் ஏறினா தூரத்துப் படம் கானல்ல நெளியும். அதுக்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, கிட்ட இருக்கிறதை எடுங்க.