"பைபிள்தான் இந்த நாட்டின் அடித்தளம்": பட்டிமன்றத்துக்குத் தகவல் தேவை

சாட்ஸ்வொர்த் செல்வி
எல்லாருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டித் தமிழ் வகுப்பில் பட்டிமன்றம். தலைப்பு மேலே உள்ளதுதான், நான் எதிரணி, ஆளுக்கு 8 நிமிடம். "கிறிஸ்தவ விழுமியங்களைக் காப்பதே நம் அரசியல் சட்டத்தின் நோக்கம், முன்னுரையிலேயே இருக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நிஜமா? இனவொதுக்கலை (அபார்தைட்) நியாயப்படுத்த எந்த வசனங்களைக் காட்டினார்கள்? பதவியேற்பவர் பைபிள் மேல் கை வைத்தே ஆக வேண்டுமா?

மெரிபேங்க் வக்கீல்
அந்த வரி இருந்தது தங்கச்சி, ஆனால் இப்போது செல்லாத சட்டத்தில். 1983ஆம் ஆண்டின் 110ஆம் சட்டத்தின் முன்னுரையில், தேசிய இலக்குகளில் முதலாவதாகக் கிறிஸ்தவ விழுமியங்களையும் நாகரிக நெறிகளையும் காப்பதைப் போட்டிருந்தார்கள். வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என மூன்று அவைகளைக் கொண்டுவந்ததும், பெரும்பான்மைக் கறுப்பின மக்களை வெளியே நிறுத்தியதும் அதே சட்டம்தான். எதிரணிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: ஒரு சட்டத்தின் வாசகத்தை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுவார்கள். வரிசை இப்படி. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது அடிப்படையாக இருந்த 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடவுளை ஏற்கும் பிரிவே கிடையாது. சர்வவல்ல கடவுளின் இறையாண்மையையும் வழிகாட்டுதலையும் மக்கள் ஏற்கிறார்கள் என்ற வாசகம் 1925இல் திருத்தமாக நுழைந்தது. அதாவது நாடு பிறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு. 'அடித்தளம்' என்பவர்களிடம் இதை முதலில் கேளுங்கள். 1961 குடியரசுச் சட்டம் ஒரு படி மேலே போய், நம் முன்னோரைப் பல நாடுகளிலிருந்து சேர்த்து இந்த மண்ணைக் கொடுத்தவர் கடவுள் என்றது. அந்த 'நம்' யார் என்பது சொல்லாமலே விளங்கும். 1993 இடைக்காலச் சட்டமும் கடவுளுக்குப் பணிவுடன் என்றுதான் தொடங்கியது. இப்போது நடப்பில் இருக்கும் 1996 சட்டத்தில் கடவுள் முன்னுரையின் கடைசியில் வருகிறார், ஆறு மொழிகளில் வாழ்த்தாக. எந்த மதத்தின் பெயரும் அங்கே இல்லை.

பீனிக்ஸ் வாசகர்
வசனங்களை நான் சொல்கிறேன். டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் 1974 அறிக்கை பெரிதும் சாய்ந்தது மூன்றின் மேல்: ஆதியாகமம் 11இல் வரும் பாபேல் கோபுரம், ஜனங்களுக்குக் கடவுள் எல்லை வகுத்ததைச் சொல்லும் உபாகமம் 32:8, அப்போஸ்தலர் 17:26. மூன்றாவதை மேடையில் முழுதாக வாசியுங்கள். "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று தொடங்கி, "அவர்கள் குடியிருப்பின் எல்லைகளையும் குறித்திருக்கிறார்" என்று முடியும். பிரித்து வைக்க நினைத்தவர்கள் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள் முன்பாதியை. ஒரே வசனம்! இதற்கு ஒரு நிமிடம் முழுசாகக் கொடுக்கலாம்.

இன்னொரு சண்டை ரோமர் 13. 'மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி' என்பதை அரசாங்கம் கேடயமாக்கியது. இனவொதுக்கலை எதிர்த்த இறையியலாளர்கள் வெளியிட்ட 1985 கைரோஸ் ஆவணம் அதற்கு 'அரச இறையியல்' என்று பெயர் வைத்து, பதிலுக்கு வெளிப்படுத்தின விசேஷம் 13ஐ எடுத்துக் காட்டியது. அங்கே அரசு என்பது மிருகம். அதற்கு முன்பே 1963இல் டச்சு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் பேயர்ஸ் நோடே, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்ற அப்போஸ்தலர் 5:29ஐ வைத்துப் பிரசங்கித்துவிட்டுத் தன் சபைப் பொறுப்பை விட்டார். 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இனவொதுக்கலை இறையியல் ரீதியில் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது.

டிசம்பர் 16 பற்றிக் கேட்பார்கள். 1838இல் சூலுக்களோடு நடந்த இரத்த ஆற்றுப் போருக்கு முன், வென்றால் அந்த நாளைக் கடவுளுக்கென்று கொண்டாடுவோம் என்று டச்சு வழிக் குடியேறிகள் செய்த பொருத்தனையின் பிரபலமான வாசகம், சார்ல் சிலியர்ஸ் 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து நினைவிலிருந்து சொன்னது. அதற்காகப் பொருத்தனையே கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குடியேறிகளின் படைத்தலைவர் பிரிட்டோரியஸின் செயலர் பான்ட்யஸ் அப்போதே எழுதிய குறிப்பில் அது இருக்கிறது. நடுவருக்கு விவரம் தெரிந்திருந்தால் மதிப்பெண் போய்விடும்.

இனாண்டா அண்ணாச்சி
எதிரணி என்பதற்காக ஒரு கண்ணை மூடிக்கொள்ளாதேம்மா. விடுதலைப் பக்கமும் வேதம்தான் நிற்கிறது. 1912இல் புளூம்ஃபான்டீனில் தொடங்கிய, இன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எனப்படும் அமைப்பின் முதல் தலைவர் ஜான் டூபே ஒரு போதகர். அவர் நடத்திய ஒலாங்கே பள்ளி நம்ம இனாண்டாவில்தான். 1994இல் மண்டேலா வாக்களித்ததும் அங்கேதான். பின்னாளில் அதன் தலைவரான லுத்துலி கான்கிரிகேஷனல் திருச்சபைப் பிரசங்கியார். தேசிய கீதத்தின் முதல் பகுதி 1897இல் ஈனோக் சொன்டோங்கா இயற்றிய ஜெபப் பாட்டு. ஆகவே 'வேதத்துக்குப் பங்கே இல்லை' என்று வாதாடினால் தோற்பாய். 'சட்டத்தின் அடித்தளம் அதுவல்ல' என்று வாதாடு, நிற்கும்.

சாட்ஸ்வொர்த் செல்வி
அண்ணாச்சி, குறித்துக்கொண்டேன். சத்தியம் விஷயம் இன்னும் பாக்கி. பள்ளி அசெம்பிளியில் ஜெபம் செய்வது சட்டப்படி சரியா என்றும் கேட்பார்கள் போல.

மெரிபேங்க் வக்கீல்
அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் முதல் உறுப்பினர் வரை சத்தியம் செய்யலாம், அல்லது உறுதிமொழி கூறலாம். சத்தியம் என்றால் மட்டும் கடைசியில் 'கடவுள் துணை புரிவாராக' என்று சேரும். பைபிள் என்ற சொல்லே அங்கே இல்லை.

போலீஸ் நிலையத்தில் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) கொடுக்கும்போதும் இதே கதை. சத்தியம் வாங்கும் ஆணையர் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: உள்ளடக்கம் தெரிந்து புரிந்ததா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அந்தச் சத்தியம் மனசாட்சியைக் கட்டும் என்று கருதுகிறீர்களா. இரண்டாவதற்கு 'உண்டு' என்றால் உறுதிமொழி. கையெழுத்து அவர் முன்னால்தான் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது. அச்சிட்ட படிவத்தில் இரண்டு வாசகமும் இருந்தால் வேண்டாததை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் இடுங்கள்.

பள்ளிக்கு அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. அரசுப் பள்ளியில் வழிபாடு நடத்தலாம், மூன்று நிபந்தனை: உரிய அதிகாரத்தின் விதிப்படி நடக்க வேண்டும், எல்லாருக்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும், கலந்துகொள்வது அவரவர் விருப்பம். பள்ளிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்த விதியை வகுக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவிடம் கொடுக்கிறது. 2017இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொன்னது, அரசுப் பள்ளி தன்னை ஒரே மதத்தின் பள்ளி என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதே. ஜெபத்தையே தடை செய்துவிட்டது என்று பரப்புகிறார்கள், அது தப்பு.

நேரமிருந்தால் 1913ஐயும் சேருங்கள். கேப் மாகாண நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணத்தைத் தவிர மற்றவை செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். நம் வீட்டுப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்க அது ஒரு முக்கியக் காரணம். சிறை சென்று திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர் மீது போட்டிருந்த 3 பவுண்டு வரியை நீக்கி, நம் திருமணங்களுக்கும் அங்கீகாரம் தந்தது. 8 நிமிடத்தில் கடைசி இரண்டை இதற்கு ஒதுக்குங்கள்.