நல்லூர்த் திருவிழா நாள்களில் கூழும் நெடுந்தீவும்: ஆலோசனை வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் நாங்கள், கனடாவிலிருந்து வரும் அக்கா குடும்பத்தினருடன் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாக் காலத்தில் மூன்று நாள்கள் யாழ்ப்பாணத்தில் தங்கவிருக்கிறோம். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் செல்வதென முடிவாகிவிட்டது.

அம்மாவின் ஒரே விருப்பம் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்தபின், கரைத்த ஒடியல் மாவும் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு இறக்கி, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கும் கூழைத்தான் அவர் கேட்கிறார். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தது மாக்கஞ்சி போல இருந்ததால், இரண்டாவது கரண்டியை அவர் தொடவேயில்லை. ஆனால் திருவிழா நடைபெறும் 25 நாள்களும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை என்பதால், அக்காலத்தில் நல்ல கூழ் எங்கே கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். அது பனம்பழக் காலமும் என்பதால், சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் கிடைக்குமிடத்தையும் குறிப்பிட்டால் மகிழ்வேன் (இது என் சொந்த ஆசை).

பிள்ளைகளோ நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம் என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மா படகில் ஏறி இறங்க முடியுமா, அல்லது அவரை நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கு மட்டும் அழைத்துச் செல்வது நல்லதா என்பதை, அண்மையில் முதியவர்களுடன் சென்று வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.